புதுப்பிப்பு: ஹாட் யோகாவில் கண் இருட்டியது, காரணம் கிடைத்தது

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன். டொராண்டோ குளிருக்கு இதமாக இருக்குமே என்று ஹாட் யோகாவில் சேர்ந்தேன்; 40 டிகிரி அறை, 90 நிமிடம், பாதியிலேயே கண் இருட்டுகிறது, தொடரலாமா என்று. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

சரியாகப் பிடித்தது, "முதல்ல என்ன மாத்திரை போடுறீங்கன்னு பாருங்க தம்பி" என்று ஒரே வரி எழுதிய அக்காதான். என் பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரிக்கும் மருந்தும் கலந்திருக்கிறது. சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து பிரஷர் தானாகவே இறங்கும், மாத்திரையும் வியர்வையும் சேர்ந்தால் குனிந்து நிமிரும்போது மூளைக்கு ரத்தம் குறையும் என்றார் டாக்டர். மாத்திரையில் கை வைக்கவில்லை. சூட்டு வகுப்பைத்தான் நிறுத்தச் சொன்னார்.

"நிறைய தண்ணி குடிங்க" என்ற யோசனை எனக்கு எடுபடவில்லை. ஒரே வகுப்பில் இரண்டு லிட்டர் வெறும் தண்ணீர் குடித்துத் தலைவலியும் குமட்டலும்தான் மிச்சம். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீர் மிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் குறையலாமாம்.

எதிர்பாராதது முழங்கால். சூட்டில் உடம்பு ரப்பர் மாதிரி வளையும், எனக்கும் பெருமைதான். அளவுக்கு மீறி இழுத்தது மறுநாள் காலை படி இறங்கும்போதுதான் தெரிந்தது.

இப்போது அந்த வகுப்பில் செய்த அதே 26 ஆசனங்கள், சாதாரண அறையில். 2018இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 12 வாரத்தில் சூட்டு அறையிலும் சாதாரண அறையிலும் ரத்தக்குழாய்களுக்கு ஒரே மாதிரி பலன் கிடைத்திருக்கிறது. மூன்று வாரமாகத் தலைசுற்றல் இல்லை. வகுப்பு முடிந்ததும் வரும் அந்த அசத்தலான தூக்கம் மட்டும் போச்சு.