அம்மாவின் காலில் சிவப்பு பரவுகிறது, அக்கியா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. நேற்று இடது கணுக்காலில் உள்ளங்கை அளவு சிவந்திருந்தது, இன்று முழங்காலுக்குப் பாதி வழி ஏறிவிட்டது, தொட்டால் சுடுகிறது, காய்ச்சலும் இருக்கிறது. பக்கத்து வீட்டில் அக்கி என்று சொல்லி காவி பூசச் சொல்கிறார்கள். பூசலாமா?

பதில்: வேண்டாம், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அக்கி என்றால் கொப்புளம் கொத்துக் கொத்தாக வரும். ஒரு காலில் மட்டும் சூடும் வலியுமாகப் பரவினால் பெரும்பாலும் செல்லுலைட்டிஸ் என்ற தோல் தொற்று; ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியா தோலுக்கு அடியில் இறங்குவதால் வருவது. கிளம்பும் முன் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு நேரத்தையும் எழுதுங்கள், பரவும் வேகம் மருத்துவருக்குத் தெரியும்.

பதில்: என் மாமியாருக்கு வந்தபோது விரலிடுக்கைப் பிரித்துப் பார்த்தால் சேற்றுப்புண் வெள்ளையாக ஊறி வெடித்திருந்தது, கிருமி நுழைந்த வாசல் அதுதான். ஆன்டிபயாட்டிக்கோடு அதற்கும் களிம்பு தந்தார்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். அப்புறம், சிவப்பு குறைந்ததும் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

பதில்: தோல் கறுத்தாலோ, வலி தாங்க முடியாமல் போனாலோ, அம்மா பிதற்றினாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கேட்டவர்: விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறது! கோடு போட்டுவிட்டேன், ஆட்டோ வந்துவிட்டது.