அரசலாறு குடும்பக் குழு: விடியற்காலை 3:58

மார்ச் 14

மல்லிகா அத்தை, திருச்சி (மாலை 6:42): கயல், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் உனக்கு இடம் உண்டா என்ற முடிவு இன்றைக்குத்தானே? எத்தனை மணிக்கு? காலையிலிருந்து எனக்குக் கை வேலை ஓடவில்லை.

வசந்தி (6:44): நம் நேரப்படி நாளை விடியற்காலை 3:58 அண்ணி. அவள் மாடியில் படித்துக்கொண்டிருக்கிறாள். பொதுத்தேர்வு நடக்கிறதே.

பெரியப்பா (6:47): அது என்ன 3:58? ஒரு முழு மணியாக வைத்திருக்கக் கூடாதா?

கயல் (6:52): பெரியப்பா, அமெரிக்காவில் தேதி எழுதும்போது மாதம் முதலில் வரும். இன்று அவர்களுக்கு 3/14. அது கணிதத்தில் வரும் பை (π) என்ற எண், 3.14. அதன் இரு மடங்கு 6.28. அதனால் அங்கே மாலை 6:28-க்கு வெளியிடுகிறார்கள். அந்த நேரம் நமக்கு விடியற்காலை 3:58.

பெரியப்பா (6:55): அருமை! கணக்கு வாத்தியாரான என் வீட்டுப் பெண்ணுக்கு ஏற்ற நேரம்தான்.

பெரியப்பா (6:58): இன்னொன்றும் படித்தேன். அங்கே புரவோஸ்ட் பதவியில் இருக்கும் அனந்த சந்திரகாசன் சென்னையில் பிறந்தவராம். நம் ஊர்ப் பிள்ளை என்று ஒரு பார்வை விழாதா?

இளங்கோ, நியூ ஜெர்சி (7:10): அப்பா, அவர் கல்விப் பணிகள் முழுவதற்கும் பொறுப்பானவர். விண்ணப்பங்களைப் படிப்பவர்கள் வேறு. அந்தக் கல்வி நிறுவனத்தில் பழைய மாணவரின் பிள்ளை என்றால்கூடச் சலுகை கிடையாது. நம் குடும்பத்தில் இதுவரை யாரும் அங்கே படித்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல விதி வேறு என்ன வேண்டும்?

சுமதி அத்தை, சிங்கப்பூர் (7:16): இளங்கோ, எனக்கு ஒரு கவலை. இங்கே தோழி ஒருத்தியின் மகனுக்கு நேர்காணல் நடந்ததாம். நம் கயலை யாரும் கூப்பிடவே இல்லையே? அப்போதே ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தமா?

இளங்கோ (7:21): இல்லை அத்தை. நேர்காணல் செய்பவர்கள் சம்பளம் வாங்காத பழைய மாணவர்கள். அவரவர் ஊரில் ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள். உலகம் முழுவதும் ஆள் போதாது. நேர்காணல் நடக்காததால் யாருக்கும் குறைவு வராது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். தயவுசெய்து இந்தக் கேள்வியைக் கயலிடம் கேட்க வேண்டாம். பிப்ரவரி முழுவதும் இதை நினைத்தே தூங்காமல் இருந்தாள்.

பெரியப்பா (7:25): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

இளங்கோ (7:28): நீக்கிவிட்டீர்கள், நல்லது அப்பா. ஆனால் எல்லோரும் பார்த்திருப்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். “இடம் வாங்கித் தருகிறோம், நன்கொடை மட்டும் கட்டுங்கள்” என்று வரும் எந்தச் செய்தியையும் நம்பாதீர்கள். பணம் கொடுத்துப் பிள்ளைகளைப் பெரிய பல்கலைக்கழகங்களில் நுழைத்த விவகாரத்தில் 2019 மார்ச்சில் பாஸ்டனில் 50 பேர் மீது வழக்குப் பாய்ந்தது. காசு கொடுத்த பெற்றோரில் பலர் சிறைக்கே போனார்கள். காத்திருக்கும் வீட்டின் பதற்றம்தான் இந்தத் தரகர்களுக்கு மூலதனம்.

பெரியப்பா (7:30): பக்கத்துத் தெருக்காரர் அனுப்பியது. அவரிடமும் சொல்லிவிடுகிறேன்.

சேகர் (8:05): இப்போதுதான் கடையைச் சாத்தினேன். இளங்கோ, எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறேன். இடம் கிடைத்தால் பணம்? இந்தக் கேள்வியை நான் கயலிடம் கேட்டால் முகம் வாடிப்போகிறாள். அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

இளங்கோ (8:19): சித்தப்பா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. பொறுமையாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகள் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால் அதையும் எடை போட்டுத்தான் முடிவெடுக்கின்றன. “இவளுக்கு நாம் எவ்வளவு செலவு செய்ய வேண்டியிருக்கும்” என்ற கணக்கு அங்கே மதிப்பெண்ணோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். வெளிநாட்டு மாணவர்களுக்கும் அந்தக் கணக்கைப் பார்க்காமல் தேர்வு செய்யும் இடங்கள் மிகச் சில. எம்.ஐ.டி., ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட் போன்றவை. தேர்வு செய்த பிறகு குடும்பத்தால் முடியாத தொகையை அவர்களே உதவியாகத் தருகிறார்கள். அது கடன் இல்லை.

எம்.ஐ.டி.யில் 2025 முதல் இன்னொரு விதியும் இருக்கிறது. ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குக் கீழே, சொத்தும் வழக்கமான அளவில் இருந்தால், பெற்றோர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. நம் பாத்திரக்கடையின் வருமானம் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. கயல் தன் பங்குக்கு அங்கே பகுதி நேர வேலை செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

சேகர் (8:26): அதற்காகத்தானே அந்த நிதிப் படிவத்தை அவளும் நானும் உட்கார்ந்து நிரப்பினோம். கடைக் கணக்கு, வீட்டு வரி ரசீது, வருமான வரிக் கணக்கு, கூட்டுறவு வங்கியில் இருக்கும் நகைக்கடன் வரை கேட்டிருந்தார்கள். நகைக்கடனை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. “உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் அப்பா” என்றாள்.

மல்லிகா அத்தை (8:29): தம்பி, அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது? அவள் சொன்னதுதான் சரி.

வசந்தி (8:33): எனக்கு இடத்தைவிட விசாவை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. 2025 மே மாதம் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நேரம் கொடுப்பதையே நிறுத்திவைத்தார்களே. இடம் கிடைத்தும் போக முடியாமல் போனால் அந்தக் குழந்தை என்ன செய்யும்?

இளங்கோ (8:38): அந்தப் பயம் நியாயமானது சித்தி. ஜூனில் மறுபடி தொடங்கினார்கள், ஆனால் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கச் சொன்னார்கள். அதை இன்றைக்கு யோசிக்க வேண்டாம். கடிதம் வந்த பிறகு பார்ப்போம்.

சுமதி அத்தை (8:44): கயல் ஏதோ செய்து வீடியோ எடுத்து அனுப்பினாளே, அது என்ன? எனக்கு யாருமே சொல்லவில்லை.

சேகர் (8:52): நான் சொல்கிறேன் சுமதி. கடைக்குப் பித்தளைக் குடம் வாங்க வருபவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். நல்ல குடம் கணீர் என்று நீளமாக ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஒலி சட்டென்று அடங்கிவிடும். சிறு வயதிலிருந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டவள் அவள். கடையில் இருந்த குடங்களையும் நாச்சியார்கோவில் விளக்குகளையும் ஒவ்வொன்றாகத் தட்டி, கைபேசியில் ஒலியைப் பதிந்து, அந்த ஒலிக்குள் எந்தெந்த அதிர்வெண் இருக்கிறது, எது எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்று பிரித்துப் பார்த்தாள். இப்போது தட்டினால் கைபேசியே கீறல் இருக்கிறதா என்று சொல்கிறது. நான் நல்லது என்று தனியே எடுத்துவைத்த ஒரு குடத்தை அது வேண்டாம் என்றது. கழுவி வெயிலில் வைத்துப் பார்த்தேன், கழுத்துக்குக் கீழே மயிரிழை போல ஒரு கோடு.

சுமதி அத்தை (8:55): கேட்கும்போதே மெய் சிலிர்க்கிறது அண்ணா. இவளுக்குக் கிடைக்காமல் வேறு யாருக்குக் கிடைக்கும்?

இளங்கோ (9:03): அத்தை, அன்பினால் சொல்கிறீர்கள். ஆனால் அந்த வாக்கியம்தான் இந்தப் பிள்ளைகளின் மேல் மிகவும் கனக்கிறது. 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு 28,232 பேர் விண்ணப்பித்தார்கள், சுமார் 1,280 பேருக்கு இடம் கொடுத்தார்கள். இளநிலை வகுப்புகளில் வெளிநாட்டவர் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இருப்பார்கள், அதனால் அவர்களுக்கு வாசல் இன்னும் குறுகலானது. நைரோபியிலும் ஹனோயிலும் சாவோ பாவ்லோவிலும் இதே போல ஒரு வீடு இப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். கிடைத்தால் கொண்டாடுவோம். கிடைக்கவில்லை என்றால் எதில் குறை வைத்தோம் என்று தேடாதீர்கள், தேடினாலும் கிடைக்காது. காரணம் சொல்லிக் கடிதம் வராது.

கயல் (9:20): எல்லாவற்றையும் படித்துவிட்டேன். ஒரு வேண்டுகோள். முடிவை நான் தனியாகத்தான் பார்க்கப் போகிறேன். பார்த்ததும் நானே இங்கே எழுதுகிறேன். அதுவரை யாரும் அழைக்க வேண்டாம். அம்மா, கோயிலில் அர்ச்சனை செய்ததைப் பற்றிப் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டாம். வேண்டிக்கொள்ளுங்கள், ஆனால் பள்ளியில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

வசந்தி (9:22): சரிம்மா. யாரிடமும் சொல்லவில்லை.

பெரியப்பா (9:24): உன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நீ எழுதும்வரை இந்தக் குழுவில் ஒரு எழுத்து விழாது.

மார்ச் 15

கயல் (அதிகாலை 4:06): பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

இளங்கோ (4:07): கயல், நான் இங்கே இருக்கிறேன். பேச வேண்டும் என்றால் அழை, வேண்டாம் என்றால் வேண்டாம்.

கயல் (4:15): இப்போது வேண்டாம் அண்ணா. அம்மா எழுந்துவிட்டார்கள். மூவரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறோம். கொஞ்சம் அழுதேன்.

மல்லிகா அத்தை (4:16): அழுதுவிடு கண்ணே. நானும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சுமதி அத்தை (4:18): எங்கள் கயல். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

பெரியப்பா (4:31): கயல், நீ இன்று எந்த உறவினருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கேட்பவர்களை என்னிடம் அனுப்பு. என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

சேகர் (4:40): நான் அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். அந்த நகைக்கடன் வரை எழுதி, என் கடையின் கணக்கை ஓர் உலகக் கல்வி நிறுவனத்தின் மேசையில் தலை நிமிர்ந்து வைக்கச் செய்தவள் என் மகள். எனக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை, அவள் வருத்தப்படுகிறாளே என்பதைத் தவிர.

கயல் (காலை 9:50): தூங்கி எழுந்தேன். இப்போது பரவாயில்லை. பிரின்ஸ்டன் முடிவு மாதக் கடைசியில் வரும், அதற்கும் இதே ஏற்பாடுதான். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்துக்கு மே மாதம் நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதற்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

இளங்கோ (9:58): அதைத் தள்ளிப்போடாதே. கணித அறிஞர் சேஷாத்திரி தொடங்கிய இடம், கணிதமும் கணினி அறிவியலும் சேர்த்துப் படிக்கலாம். உன் குடத்து ஒலிக் கணக்குக்கு அங்கே கேட்க ஆள் இருப்பார்கள்.

பெரியப்பா (10:04): விண்ணப்பத்தைப் பொதுத்தேர்வுக்கு இடையில் நாள் பார்த்துப் போட்டுவிடலாம். சாயங்காலம் வா, பழைய வினாத்தாள்களை எடுத்துவைக்கிறேன். எண் கோட்பாட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

கயல் (10:06): ஐந்து மணிக்கு வருகிறேன் பெரியப்பா.