குருசடிக்குப் பூசிய சிமெண்டை உரிக்கலாமா?

தேரிக்காட்டான்:
உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் ஊர் முக்கில் ஒரு குருசடி, சிலுவை வைத்த சின்னக் கோயில். உள்ளே நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில்தான். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுதிரியும் உப்பு மிளகும் வைப்பார்கள். பாதயாத்திரைக்காரர்கள் திண்ணையில் காலை நீட்டுவார்கள். செங்கல், சுண்ணாம்புக் காரை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வசூல் போட்டு சிமெண்டு பூசி எமல்ஷன் அடித்தோம், நானும் பணம் கொடுத்தேன். இப்போது இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. இடித்துவிட்டு கான்கிரீட், கிரானைட் என்கிறது கமிட்டி. வாசல் பக்கம் ஒரு விளக்கு மாடம், ஆச்சி காலத்து எண்ணெய்க்கரி அதில் அப்பிக்கிடக்கிறது. அதற்காகத்தான் கேட்கிறேன். “புனித சவேரியார் கட்டியது” என்றுகூடச் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

கொத்தனார் மகன்:
தம்பி, சிமெண்டுதான் வினை. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் சுண்ணாம்பு வழியாகக் காய்ந்துவிடும். சிமெண்டுக்குள் மாட்டினால் செங்கல்லையே அரிக்கும். முதலில் ரோட்டைப் பாருங்கள். தார் போட்டுப் போட்டு உயர்ந்து, மழைத்தண்ணீர் சுவரடியில் நிற்கிறதா? அதை வெட்டி விடாமல் எது பூசினாலும் வீண். அப்புறம் கீழ் மூன்றடியை மட்டும் கை உளியால் உரியுங்கள், மிஷின் வேண்டாம். செங்கல்லும் சேர்ந்து வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். மெல்லிசாகப் பூசி, ஈரச்சாக்கு போட்டு மெதுவாகக் காயவிட வேண்டும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு மட்டும்.

பழைய ஏடு:
சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தார். அதற்காக எல்லாக் குருசடியையும் அவர் தலையில் கட்டாதீர்கள். கூரையில் தண்டவாள இரும்பு இருக்கிறதா? தூத்துக்குடிக்கு ரயில் வந்ததே 1870களில்தான். ‘குருசு’ என்ற சொல் மட்டும் நிச்சயமாகப் போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது.

தேரிக்காட்டான்:
இருக்கிறது ஐயா, இரண்டு துண்டு. சவேரியாரை விட்டுவிட்டேன். ரோடு திண்ணையைவிட ஒரு முழம் மேலே நிற்கிறது, இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. வடிகால் வெட்டக் கமிட்டி சம்மதித்தது, ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்கிறார்கள். மாடத்துக் கரியை யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை போனால் சித்தப்பா ஈரத்துணியோடு நிற்கிறார்.