அப்பாவின் 4ஜி கைபேசி சிட்னியில் முடக்கப்பட்டுவிட்டது: 200 டாலருக்குள் எதை வாங்கலாம்?

கேள்வி: பென்டில்ஹில்வாசி

ஆறு மாதம் எங்களுடன் தங்குவதற்காக அப்பா திருச்சியிலிருந்து வந்திருக்கிறார். ஊரில் நான்கு ஆண்டுகளாக வைத்திருந்த 4ஜி கைபேசியையே கொண்டுவந்தார். இங்கே வாங்கிய ப்ரீபெய்ட் சிம்மைப் போட்டதும் இணையம் நன்றாகவே வேலை செய்தது. மூன்றாம் நாள், இந்தக் கைபேசியால் அவசர அழைப்பு செய்ய இயலாது என்பதால் இணைப்பு நிறுத்தப்படும் என்று குறுஞ்செய்தி வந்தது. மாலைக்குள் சிக்னல் போய்விட்டது. 3ஜி மூடப்பட்டது எனக்குத் தெரியும். ஆனால் இது 4ஜி கைபேசி. ஊரில் ஜியோ சிம்மில் இதே கைபேசியில்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

200 டாலருக்குள் ஒரு கைபேசியும், அதற்கேற்ற திட்டமும் வேண்டும். அடுத்த மாதம் டபோ வழியாக, மாநிலத்தின் மேற்குக் கோடியில் உள்ள புரோக்கன் ஹில் வரை காரில் செல்லவிருக்கிறோம். அப்பாவின் இந்தியச் சிம்முக்கு வங்கியின் ஓடிபி வந்தாக வேண்டும். வாட்ஸ்அப் வைத்துக்கொள்ளாத அத்தையுடன் அவர் தினமும் பேசுவார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பதில்: நீலமலை

உங்கள் தந்தையின் கைபேசியில் பழுது எதுவும் இல்லை. 4ஜி வழியாகக் குரல் செல்ல வேண்டுமானால் வோல்ட்இ என்னும் வசதி இயங்க வேண்டும். அது இயங்காத கைபேசி, இணையத்துக்கு 4ஜியில் இருந்தாலும், அழைப்பு என்றவுடன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிவிடும். இந்த நாட்டில் இறங்குவதற்குப் படியே இல்லை. கடைசி 2ஜி சேவை 2018-ஆம் ஆண்டின் நடுவில் முடிந்தது. இங்குள்ள கைபேசி நிறுவனங்களில் வோடஃபோன் 2024 ஜனவரியிலும், டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் அதே ஆண்டு அக்டோபர் 28 முதலும் 3ஜியை நிறுத்தின.

ஜியோ 2ஜியும் 3ஜியும் இல்லாமல் 4ஜியிலேயே தொடங்கிய நிறுவனம் என்பதால், அதில் பேச முடிந்த கைபேசியில் வோல்ட்இ பெரும்பாலும் இருந்திருக்கும். ஆனால் வோல்ட்இ எல்லா நாட்டிலும் தானாக இயங்கிவிடுவதில்லை. அந்தந்த நிறுவனத்துக்கு உரிய அமைப்புகள் கைபேசியின் மென்பொருளில் இருந்தாக வேண்டும். இந்தியச் சந்தைக்கான மென்பொருளில் ஆஸ்திரேலிய நிறுவனங்களுக்கான அமைப்புகள் பல வேளைகளில் இருப்பதில்லை. பெயரும் நிறமும் ஒன்றாகவே இருக்கும் கைபேசி இங்கே வாங்கினால் பேசும், அங்கே வாங்கினால் பேசாது என்ற விந்தை இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண அழைப்புகளை 4ஜியில் செய்யும் சில கைபேசிகள், இந்நாட்டின் அவசர உதவி எண்ணான 000-க்கான அழைப்புக்கு மட்டும் 3ஜியைத் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தன. இது 2024-இல் பெரிய விவாதமாகி, 000-ஐ அழைக்க முடியாத கைபேசிகளுக்குச் சேவை தரக் கூடாது என்ற விதி வந்தது. ஆகவே சிம் விற்ற நிறுவனத்தைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. நிறுவனத்தை மாற்றினாலும் பெரும்பாலும் இதுவே நடக்கும்.

வாங்கும்போது ஆஸ்திரேலியச் சந்தைக்கென்று விற்கப்படும் மாதிரியா என்பதைத்தான் முதலில் பாருங்கள். சாம்சங் கேலக்ஸி ஏ வரிசையிலும் மோட்டோ ஜி வரிசையிலும் உங்கள் தொகைக்குள் கிடைக்கும். இணையச் சந்தைகளில் இருபது முப்பது டாலர் குறைவாகக் கிடைப்பவை பெரும்பாலும் வேறு நாட்டுக்கான பதிப்புகள். வெளியூர்ப் பயணம் இருப்பதால் 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, அதாவது பேண்ட் 28, இருக்கிறதா என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். தொலைவு செல்லும் அந்த அலைவரிசையைத்தான் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் நகரங்களுக்கு வெளியே பெரிதும் நம்பியிருக்கின்றன. இந்தியாவில் விற்ற பழைய மலிவுக் கைபேசிகள் பலவற்றில் அது இருக்காது.

பதில்: வைகைக்கரை

கைபேசியைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். திட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே சொந்த வலைப்பின்னல் வைத்திருப்பவை டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ், வோடஃபோன் ஆகிய மூன்று நிறுவனங்கள். மற்ற பெயர்கள் எல்லாம் அவற்றிடம் வாங்கி விற்பவை. அமேசிம் ஆப்டஸிலும், லெபாரா வோடஃபோனிலும் இயங்குகின்றன. டெல்ஸ்ட்ராவில் மட்டும் ஒரு நுணுக்கம் இருக்கிறது: அதன் முழுப் பரப்பும் அதன் சொந்த வாடிக்கையாளர்களுக்கும் பூஸ்ட் மொபைல் வாடிக்கையாளர்களுக்கும் கிடைக்கும், ஆல்டி, வூல்வொர்த்ஸ் ஆகிய பேரங்காடிகளின் சிம்கள் அதே கோபுரங்களைப் பயன்படுத்தினாலும் சற்றுச் சுருங்கிய பரப்பையே பெறுகின்றன. சிட்னிக்குள் இந்த வேறுபாடு தெரியாது. நிங்கனைத் தாண்டி, கோபார், வில்கானியா வழியாகப் புரோக்கன் ஹில் செல்லும் பாதையில் தெரியும். விளம்பரங்களில் காணும் 98, 99 விழுக்காடு மக்கள்தொகையைக் குறிப்பதே அன்றி நிலப்பரப்பை அன்று. 2025 ஜனவரி முதல் வோடஃபோன் வெளியூர்களில் ஆப்டஸ் கோபுரங்களைப் பகிர்ந்துகொள்வதால் அதன் நிலை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது. இருந்தாலும் அந்தச் சாலைக்கு நான் பூஸ்ட் அல்லது டெல்ஸ்ட்ராவையே சொல்வேன். எந்தச் சிம்மும் எட்டாத நீண்ட இடைவெளிகள் அங்கே உண்டு. வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதத்துக்கு 365 நாள் திட்டம் வீண். 28 நாள் திட்டத்துக்கு ஆறு முறை பணம் கட்டினால் 168 நாள்தான் வரும். ஏழாவது முறையும் கட்ட நேரிடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலையை ஒப்பிடுங்கள். அத்தையுடன் பேசுவதற்கு இந்திய அழைப்புகள் அடங்கிய திட்டமாக இருக்க வேண்டும். தரைவழித் தொலைபேசி, கைபேசி இரண்டுக்கும் பொருந்துமா என்று பட்டியலைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

பென்டில்ஹில்வாசி

இருவருக்கும் நன்றி. நண்பர் ஒருவர் தம்முடைய பழைய கேலக்ஸி எஸ்7-ஐ இலவசமாகவே தருவதாகச் சொல்கிறார். இங்கே வாங்கியதுதான். அதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நீலமலை

அன்புடன் மறுத்துவிடுங்கள். சாம்சங்கின் சில பழைய மாதிரிகள், வேறு வலைப்பின்னல் எதுவும் கிடைக்காமல் வோடஃபோன் மட்டும் கிடைக்கும் இடத்தில், 000 அழைப்புக்கு மூடப்பட்ட 3ஜியையே தேடுகின்றன என்பது 2025 அக்டோபரில் வெளிவந்தது. பலவற்றை மென்பொருள் புதுப்பிப்பால் சரிசெய்ய முடிந்தது. எஸ்6, எஸ்7 போன்றவற்றை மாற்றியே ஆக வேண்டும் என்று அறிவித்தார்கள். அவசர அழைப்பு, சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் அருகில் உள்ள எந்த நிறுவனத்தின் கோபுரம் வழியாகவும் செல்லக்கூடியது. புரோக்கன் ஹில் சாலையில் உங்களுக்கு அந்த வசதியே முக்கியம்.

பதில்: வைகைக்கரை

இரண்டு சொற்கள் சேர்த்துக்கொள்கிறேன். நிறுவனங்கள் தம் பெயரில் மலிவாக விற்கும் ப்ரீபெய்ட் கைபேசிகள் பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டவை. அவற்றில் இந்தியச் சிம் வேலை செய்யாது. பூட்டில்லாத, இரண்டு சிம் ஏற்கும் மாதிரியாகக் கேட்டு வாங்கி, ஒன்றில் இந்தியச் சிம்மை ரோமிங் வசதியுடன் வைத்தால் ஓடிபி வந்துசேரும். வாங்கிய அன்றே வைஃபையை அணைத்துவிட்டு உங்கள் எண்ணை அழைத்துப் பாருங்கள். பேசும்போதும் திரையின் மேல் 4ஜி என்ற குறி மாறாமல் இருந்தால் வோல்ட்இ இயங்குகிறது. சோதனைக்காக 000-ஐ மட்டும் அழைத்துவிடாதீர்கள்.

பென்டில்ஹில்வாசி

கேலக்ஸி ஏ வரிசையில் பூட்டில்லாத ஒன்றை வாங்கி, பூஸ்ட் சிம் போட்டிருக்கிறோம். அழைப்பின்போதும் 4ஜி குறி அப்படியே நிற்கிறது. ஓடிபியும் நேற்று வந்தது. பழைய கைபேசி வைஃபையில் நன்றாக ஓடுவதால், அப்பா அதைச் செய்தி பார்ப்பதற்கென்று தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்.