நிதிப் பற்றாக்குறை 4.4 சதவீதம்: பட்ஜெட்டில் எந்த எண்ணை முதலில் பார்ப்பது?

பேரேடு கேட்டது:
2025-26 மத்திய பட்ஜெட்டில் நிதிப் பற்றாக்குறை, அதாவது வரவு போதாமல் அரசு அந்த ஆண்டு கடனாகத் திரட்டும் தொகை, ஜிடிபியில் (நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில்) 4.4 சதவீதம். 2020-21இல் 9.2. இதை வைத்து அரசு சிக்கனத்துக்குத் திரும்பிவிட்டது என்று சொல்லலாமா? வரியை ஏற்றாமல் செலவைக் குறைக்க வேண்டும் என்பது விவாதத்தில் என் தரப்பு. எந்தக் கணக்கைக் காட்டிப் பேசுவது?

ஐந்தொகை:
முதலில் வருவாய்ப் பற்றாக்குறையைப் பாருங்கள். வருவாய் வரவு (வரி போன்ற, கடன் அல்லாத வரவு) 34.20 லட்சம் கோடி, வருவாய்ச் செலவு 39.44 லட்சம் கோடி. 5.24 லட்சம் கோடி துண்டு விழுகிறது. சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி என்று அந்தந்த ஆண்டோடு தீர்ந்துபோகும் செலவுக்கே கடன் வாங்குகிறோம் என்று இதற்கு அர்த்தம்.

அடுத்து வட்டியைப் பாருங்கள்: 12.76 லட்சம் கோடி. வருவாய் வரவில் நூற்றுக்கு 37 ரூபாய். மொத்த நிதிப் பற்றாக்குறையான 15.69 லட்சம் கோடியில் வட்டியைக் கழித்தால் மிஞ்சுவது 2.93 லட்சம் கோடிதான். புதுக் கடனில் ஐந்தில் நான்கு பங்குக்கு நிகரான தொகை பழைய கடனின் வட்டிக்கே போகிறது. இன்று வசூலிக்காமல் விட்ட வரியை நம் பிள்ளைகள் வட்டியோடு கட்டப்போகிறார்கள். எனக்கு இதில்தான் உண்மையான கோபம்.

தராசு:
ஐந்தொகை ஒன்றை விட்டுவிட்டார். அந்த 39.44 லட்சம் கோடிக்குள் சொத்து உருவாக்க மாநிலங்களுக்கும் பிற அமைப்புகளுக்கும் தரும் நிதியுதவி 4.27 லட்சம் கோடி இருக்கிறது. அதைக் கழித்தால் துண்டு 0.97 லட்சம் கோடியாகச் சுருங்கும். எதிர்த்தரப்பு இதைக் கட்டாயம் கிளப்பும்.

ஐந்தொகை:
கிளப்பட்டும். அந்தச் சொத்து மத்திய அரசின் ஏட்டில் ஏறாது, அதற்கு வருமானமும் தராது. கடன் மட்டும் அதன் பெயரில் நிற்கும்.

சட்டத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2003இல் வந்த நிதிப் பொறுப்பு மற்றும் பட்ஜெட் மேலாண்மைச் சட்டம் வருவாய்ப் பற்றாக்குறையை அடியோடு ஒழிக்கச் சொன்னது. 2018 திருத்தத்தில் அந்த இலக்கையே எடுத்துவிட்டார்கள். திரும்பக் கேட்க வேண்டியது அதைத்தான். நிதிப் பற்றாக்குறைக்கு மட்டும் வரம்பு வைத்தால், நெருக்கடி வரும்போது சாலை, ரயில் பாதை வேலைகளைத் தள்ளிப்போட்டு எண்ணைக் குறைத்துவிடலாம். மானியத்தில் கைவைக்க எந்த அமைச்சருக்கும் மனம் வராது.

வரவு_செலவு:
வரி பக்கத்துக்கு ஒரு சான்று. 1973-74இல் வருமான வரியின் உச்ச விகிதம் 85 சதவீதம். அதன்மேல் 15 சதவீதக் கூடுதல் வரி, ஆக 97.75. உச்ச வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் இரண்டேகால் ரூபாய் மிஞ்சினால் யார் உண்மைக் கணக்கைக் காட்டுவார்கள்? அடுத்த ஆண்டே 77க்கு இறக்க வேண்டியதாயிற்று. விகிதம் குறைவாகவும் விலக்குகள் சொற்பமாகவும் இருந்தால் வசூல் நிலைக்கும்.

பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கும் கடனையும் தேடிப் பாருங்கள். உணவு மானியத்தைப் பட்ஜெட்டில் முழுதாகக் காட்டாமல், இந்திய உணவுக் கழகத்துக்குத் தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து (மக்களின் அஞ்சலகச் சேமிப்பு போன்றவை சேரும் நிதி) கடன் கொடுத்து வந்தார்கள். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில்தான் அந்தப் பழக்கத்தை நிறுத்தி, பாக்கியைக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். 9.2 அவ்வளவு பெரிதாகத் தெரிய அதுவும் ஒரு காரணம். ஆகவே 9.2-இலிருந்து 4.4 வரைக்குமான இறக்கம் முழுவதையும் சிக்கனம் என்று வரவு வைக்காதீர்கள். ஒப்பிடும்போது பட்ஜெட் மதிப்பீட்டை இன்னொரு பட்ஜெட் மதிப்பீட்டோடும், இறுதிக் கணக்கை இறுதிக் கணக்கோடும் மட்டும் வையுங்கள்.