ஃபைன் கட்டி முடித்த பழைய கேஸை வேலையில் சேரும்போது சொன்னவர்கள் அனுபவம்

வடக்குத் தெருவான்:

ஒரு தம்பி கேட்டிருந்தார், "அண்ணே, கேஸ் முடிஞ்சு ஃபைனும் கட்டியாச்சு, இனிமே அதை வேலைக்குச் சேரும்போது சொல்லணுமா?" என்று. சொல்லணும் தம்பி, குறிப்பாக அரசு, வங்கி வேலை என்றால்.

என் கதை இது. ஊர்க்கொடை (கோயில் திருவிழா) சமயத்தில் மைக்செட் சத்தம் பற்றிப் பக்கத்துத் தெருக்காரர்களோடு கைகலப்பாகி, ரெண்டு பக்கமும் புகார் கொடுத்து, ரெண்டு பக்கமும் எஃப்ஐஆர். அப்போது நான் காலேஜில் இருந்தேன், என் மேல் ஐபிசி (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 294(பி), அடித்துக் காயப்படுத்தியதற்கான 323. வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டே போனதில் வக்கீல் குமாஸ்தா ஒருநாள், "ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிருங்க தம்பி, இன்னைக்கோட முடிஞ்சிரும்" என்றார். முடிந்தது வாஸ்தவம்தான். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைக் கணக்கில் சேரும் என்று யாரும் சொல்லவில்லை. 323 மட்டும் இருந்திருந்தால் ராஜியாகப் போயிருக்கலாம், ராஜியானால் சட்டப்படி விடுதலை மாதிரி. கூடவே கெட்ட வார்த்தைக்கான 294(பி) ஒட்டிக்கொண்டிருந்தது, அது ராஜியாகாத பிரிவு. நம்ம ஊர் அடிதடி எஃப்ஐஆர் எதை எடுத்தாலும் அது இருக்கும், திட்டாமல் எவன் சண்டை போடுகிறான்?

அப்புறம் ஒரு பொதுத்துறை வங்கியில் தேர்வானேன். சேரும்போது அட்டெஸ்டேஷன் ஃபார்ம் என்று ஒன்று கொடுத்தார்கள். அதில் கைதானதுண்டா, வழக்கு நடந்ததுண்டா, காவலில் இருந்ததுண்டா, கோர்ட்டில் அபராதம் கட்டியதுண்டா, தண்டனை பெற்றதுண்டா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டிருந்தது. பொய் சொன்னாலோ மறைத்தாலோ வேலைக்குத் தகுதி இல்லை என்ற எச்சரிக்கை ஃபார்மின் தலையிலேயே இருந்தது. அப்பா, "யாருக்குடா தெரியப்போகுது, இல்லைன்னு போட்ரு" என்றார். மாமா ஒருவர் ஸ்டேஷனில் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். நான் ஆமாம் என்று டிக் போட்டு, குற்ற எண், பிரிவு, கோர்ட், தீர்ப்புத் தேதி, கட்டிய தொகை எல்லாம் எழுதி, தீர்ப்பின் சர்டிஃபைட் காப்பியையும் வைத்தேன்.

மண்டல அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "பண விஷயம் எதுவும் இல்லையே?" ஏன் அப்படிக் கேட்டார் என்று பிறகுதான் புரிந்தது. 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 10-ஆம் பிரிவுப்படி, ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரை வங்கி வேலையில் வைத்திருக்கவே கூடாது. திருட்டு, மோசடி மாதிரி. கொடைச் சண்டை அதில் வராது என்று எடுத்துக்கொண்டார்கள். விளக்கக் கடிதம் ஒன்று எழுதி வாங்கினார்கள், என்னோடு சேர்ந்தவர்களுக்கு எல்லாம் வேலை நிரந்தரமான பிறகும் எனக்கு ஆர்டர் வராமல் கொஞ்ச காலம் இழுத்தது, வயிற்றில் புளியைக் கரைத்தது, பிறகு வந்துவிட்டது.

ஓஎம்ஆர் வாசி:

ஐடியில் கதை வேற ப்ரோ. எனக்கு டிரங்க் அண்ட் டிரைவ், மோட்டார் வாகனச் சட்டம் 185, கோர்ட்டில் பத்தாயிரம் கட்டினேன். ஆஃபர் லெட்டரோடு வந்த ஃபார்மில் "கிரிமினல் குற்றத்துக்குத் தண்டனை பெற்றதுண்டா" என்று ஒரே வரி. டிராஃபிக் கேஸ் இதில் சேருமா என்று எச்ஆருக்கே மெயில் போட்டேன். எழுத்தில் கேட்டதுதான் பிற்பாடு காப்பாற்றியது, ஏனென்றால் சரிபார்க்கும் ஏஜென்சி ரிப்போர்ட்டில் என் பெயருக்கு நேராக ஆம்பர் (சந்தேகம் இருக்கிறது என்ற மஞ்சள் குறி) போட்டு அனுப்பியிருந்தார்கள், எச்ஆர் பழைய மெயிலைக் காட்டி மூடிவிட்டார். இதில் கூத்து, அந்த ஆம்பர் என் கேஸுக்கே இல்லை. பெயரும் அப்பா பெயரும் ஒத்துப்போன வேறு யாரோ ஒருவரின் செக் பவுன்ஸ் கேஸ்! கோர்ட் ரெக்கார்டைப் பெயர் வைத்துத் தேடுகிறார்கள், நம்மூரில் எத்தனை செந்தில்குமார், எத்தனை சுப்பிரமணி.

பேர் வேண்டாம்:

எல்லாரும் சொல்லுங்க சொல்லுங்க என்கிறீர்கள். நானும் சொன்னேன். போலீஸ் கான்ஸ்டபிள் தேர்வு, எழுத்து, உடல்தகுதி எல்லாம் பாஸ். அடிதடி கேஸ் ஒன்று இருந்தது, புகார் கொடுத்தவரே கோர்ட்டில் மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகி எனக்கு விடுதலை. ஃபார்மில் ஒளிக்காமல் எழுதினேன். தேர்வு ரத்து. தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)-யில், சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானால் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று விளக்கம் இருக்கிறது. யூனிஃபார்ம் வேலைக்குப் போகிறவர்கள் நோட்டிஃபிகேஷன் பார்க்கும்போதே இதைப் படித்துவிடுங்கள், ஓடிப் பழகிக் காலை உடைத்துக்கொண்ட பிறகு இல்லை.

கறுப்புக் கோட்டு:

மேலே எழுதிய தம்பிக்கு நடந்தது கொடுமைதான், ஆனால் மறைத்திருந்தால் இன்னும் மோசம். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை விரிவாகப் பேசியிருக்கிறது. இளம் வயதில் கோஷம் போட்டது மாதிரியான அற்ப வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் விரும்பினால் மன்னிக்கலாம். உண்மையைச் சொல்லியிருந்தாலும் முன்நடத்தையைப் பரிசீலிக்க அவர்களுக்கு உரிமை உண்டு, வேலை கொடுத்தே ஆகணும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஃபார்மில் கேட்காத விஷயத்தைச் சொல்லவில்லை என்று குறை சொல்லவும் முடியாது. ஆகவே கேள்வியை வரி வரியாகப் படியுங்கள், கேட்டதற்குப் பதில் எழுதுங்கள், சொந்தக் கதை சோகக் கதையை அதில் கொட்டாதீர்கள். 18 வயதுக்குள் நடந்த வழக்கு என்றால் 2015 சிறார் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவைப் பாருங்கள், பெரும்பாலும் தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது.

லண்டனிலிருந்து ஒரு அக்கா:

இங்கே 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. தண்டப்பணம் மட்டும் கட்டிய வழக்கு ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும், அதற்குப் பிறகு சாதாரண வேலைக்குக் கேட்டால் இல்லை என்று சொல்லலாம், அது பொய் ஆகாது. கடையில் சாமான் எடுத்த பழைய வழக்கு உள்ள ஒரு பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்தியதும் அழுதே விட்டாள். பாடசாலை, முதியோர் பராமரிப்பு வேலைகளுக்கு மட்டும் விதி வேறு, அங்கே பழசையும் கேட்பார்கள். உங்கள் பக்கம் இப்படி ஒன்று இல்லாதது அநியாயம்.

வடக்குத் தெருவான்:

அநியாயம்தான் அக்கா.

தம்பி, உன் கேஸ் 2024 ஜூலைக்கு முந்தியது என்பதால் பழைய ஐபிசி நம்பரைத் தீர்ப்பில் உள்ளபடியே எழுது, புதுச் சட்ட நம்பரைப் போட்டுக் குழப்பாதே. கேஸ் நம்பர் தொலைந்திருந்தால் ஸ்டேஷன் குற்ற எண்ணும் வருஷமும் போதும், கோர்ட் ஆபீஸில் தேடிப்பார்ப்பார்கள். பழைய கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போயிருந்தால் நாளாகும், அதனால் சேரும் தேதி வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே காப்பி மனுப் போட்டுவிடு. ஃபைன் ரசீது வீட்டில் பீரோவில் கிடக்கிறதா என்றும் அம்மாவிடம் கேள்.