சர்ச் வாலிபர்களுக்கு வேலை கிடைக்க வழி சொல்லுங்க

எங்க சர்ச்ல வாலிபர் ஐக்கியத்த நான்தான் பாத்துக்குறேன். 22லருந்து 27 வயசுக்குள்ள 14 பேர் டிகிரி முடிச்சிட்டு வேலையில்லாம இருக்காங்க, சிலருக்கு ரெண்டு வருஷம் தாண்டிருச்சு, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கு. உபவாச ஜெபம் வச்சோம், ரெஸ்யூம் எழுத சொல்லிக் குடுத்தோம், 6 வாரம் கம்ப்யூட்டர் கிளாஸும் நடத்துனோம், மொத வாரம் எல்லாரும் வந்தாங்க கடைசில 4 பேர்தான், ஒருத்தருக்குக் கூட இன்டர்வியூ வரல. பயிற்சி மட்டும் குடுக்குறோம், வேலை குடுக்குறவங்கள சேத்துக்கவே இல்ல, அதான் தப்புன்னு தோணுது. பைபிள்ல வர்ற அப்போஸ்தலர் பவுலே கூடாரம் செஞ்சுதான் பொழச்சாரு, கைத்தொழில் கத்துக்கட்டுமேன்னு பெத்தவங்ககிட்டயும் பேசிட்டேன், ஒத்துக்கல. சபையிலயே சொந்தமா தொழில் பண்றவங்க 9 பேர் இருக்காங்க. அவங்ககிட்ட 3 மாசம் அப்ரன்டிஸா பசங்கள சேத்துவிடணும்னா சபை எப்படி ஆரம்பிக்கணும், செஞ்சு பாத்தவங்க சொல்லுங்களேன்?